ரவுட்டர் ஒன்றுதான்... பூட்டு மட்டும் ஏன் வேறு?

சிஸ்கோ ரவுட்டர்களுக்கான சாப்ட்வேர் ஃபைல்களின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிலவற்றில் 'கே9' என்று இருக்கும். வலுவான என்கிரிப்ஷன் உண்டு என்று அர்த்தம். 'என்பிஇ' என்றிருந்தால், கடந்துபோகும் தகவலைப் பூட்டும் வசதியை எடுத்துவிட்டார்கள். வலுவான என்கிரிப்ஷனை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உள்ள நாடுகளுக்காக வந்த ரகம் இது.

அமெரிக்காவும் ஒருகாலத்தில் இந்த விஷயத்தில் கறார்தான். 1990-களில் நெட்ஸ்கேப் பிரவுசர் உள்நாட்டுக்கு 128 பிட், வெளிநாட்டுக்கு 40 பிட் என இரண்டு விதமாக வந்தது. அந்த 40 பிட் பூட்டை 1995-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஒருவர் எட்டே நாளில் உடைத்துக் காட்டினார். 2000-ல்தான் ஏற்றுமதி விதிகள் பெருமளவு தளர்ந்தன.

சரி, நம் வீட்டு வைஃபை? பழைய 'வெப்' பூட்டு ஓட்டையானது. அதற்கு மாற்றாக 2003-ல் வந்த 'டபிள்யூபிஏ', பழைய பெட்டிகளிலும் சாப்ட்வேர் அப்டேட்டிலேயே ஓடும்படி உருவாக்கப்பட்டது. ஆனால், 2004-ல் வந்த 'டபிள்யூபிஏ2' கேட்ட ஏஇஎஸ் கணக்கைப் பல பழைய சிப்களால் போட முடியவில்லை. அப்டேட்டுக்கும் ஓர் எல்லை உண்டு இல்லையா?

உங்கள் போனில் வைஃபை பெயரைத் தொட்டுப் பாருங்கள். பல போன்களில் 'செக்யூரிட்டி' என்ற வரி இருக்கும். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்றால் நிம்மதி. 'வெப்' என்றிருந்தால், முதலில் ரவுட்டர் செட்டிங்ஸில் மாற்றிப் பாருங்கள். அங்கே அந்த ஆப்ஷனே இல்லையா? அப்டேட் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, புது ரவுட்டர்தான்.