ராணியைக் கொடுத்து ராஜாவை இழுத்த ஆட்டம்

1912இல் லண்டன் நகரச் சதுரங்கக் கழகத்தில் நடந்த ஒரு நட்பாட்டம் 18 நகர்த்தல்களில் முடிந்தது. ஆடிய இருவருக்குமே சதுரங்கம் பிழைப்பு அல்ல. வெள்ளைக் காய்களை ஆடிய எட்வர்ட் லாஸ்கர் ஒரு பொறியாளர். அன்றைய உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் வேறு ஆள். கறுப்புக் காய்களை ஆடியவர் சர் ஜார்ஜ் தாமஸ். இந்திய ஆண்கள் பாட்மின்டன் அணி 2022இல் வென்ற தாமஸ் கோப்பை இவர் வழங்கியதுதான். சதுரங்கத்திலும் சாமானியர் அல்லர்: 1934-35 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபபிளாங்கா, போட்வின்னிக் இருவரையும் வீழ்த்தியவர்.

டச்சு தற்காப்பில் தொடங்கிய ஆட்டத்தின் முதல் ஒன்பது நகர்த்தல்களில் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தாவதில் லாஸ்கர் ராணியை எச்5க்குக் கொண்டுவந்தார். ஈ4 குதிரை எஃப்6 பிஷப்பை வெட்டிச் செக் வைக்கும். அடுத்து ராணி எச்7இல் இறங்கி மேட் என்பது மிரட்டல். தாமஸ் தன் ராணியை ஈ7இல் வைத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல பதில்தான். குதிரையை ஜி7 சிப்பாய் திருப்பி வெட்டினால் ஏழாம் வரிசை திறக்கும். அங்கிருந்தே ராணி எச்7ஐக் காக்கும்.

லாஸ்கர் வரிசையை மாற்றினார். முதலில் ராணியே எச்7 சிப்பாயை வெட்டியது. அதை ராஜா வெட்டியே ஆக வேண்டும். பிறகுதான் குதிரை எஃப்6இல் வெட்டியது. அது விலகியதில் டி3 பிஷப்பின் வழியும் திறந்து இரட்டைச் செக். இதற்குக் காய் குறுக்கே வைக்க முடியாது, ராஜாதான் நகர வேண்டும். எச்8க்குத் திரும்பினால் இன்னொரு குதிரை ஜி6இல் உடனே மேட் வைக்கும். ஆகவே எச்6. அதன்பின் ஒவ்வொரு செக்குக்கும் ராஜாவுக்குக் கிடைத்தது ஒரே கட்டம்: ஜி5, எஃப்4, எஃப்3, ஜி2, கடைசியில் ஜி1. குதிரை, சிப்பாய்கள், பிஷப், யானை என ஆளுக்கொரு செக் வைத்து ராஜாவை எதிரி வீட்டுக்கே ஓட்டிவந்தன. 18ஆம் நகர்த்தலில் வெள்ளை ராஜா டி2க்கு விலக, ஏ1 யானை மேட் வைத்தது. கறுப்பு ராணியும் இரு யானைகளும் பலகையில் சும்மாவே நின்றன.

அந்த இடத்தில் கேஸ்லிங் செய்திருந்தாலும் மேட்தான். 14ஆம் நகர்த்தலில் எஃப் சிப்பாயைத் தள்ளியிருந்தால் ஆட்டம் ஒரு நகர்த்தல் முன்னதாகவே முடிந்திருக்கும்; ஆனால் ராஜா ஜி1வரை வந்திருக்காது. தாமஸைக் கவிழ்த்தது பத்தாவது நகர்த்தல். ராணியை ஈ7இல் வைக்காமல் ஈ5 குதிரையைப் பிஷப்பால் வெட்டியிருந்தால் அவர் தாக்குப்பிடித்திருப்பார்.