கசிவை விட்டுவிட்டு கேஸை நிரப்பலாமா?

கத்திரி வெயிலில், தியாகராய நகர் நெரிசலில் நிற்கும்போது கார் ஏசி குளிரவில்லை என்றால், கேன் வாங்கி நாமே கேஸ் நிரப்பிவிடலாமே என்று தோன்றும். ஆனால், அந்த வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுழல்கிறது. ஓராண்டிலேயே குறைந்துவிட்டால், எங்கோ கசிகிறது என்றே பொருள்.

கேனுடன் வரும் மானி தாழ்வழுத்தப் பக்கத்தை மட்டுமே காட்டும். உள்ளிருக்கும் வாயுவின் எடையைக் காட்டாது. அளவு மிஞ்சினால் கம்ப்ரசர் பழுதாகலாம். கருவிகள் உள்ள பணிமனையில் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி நீக்கி, எடைபோட்டு நிரப்புவார்கள்.

கசியும் ஆர்-134ஏ வாயு, கரியமில வாயுவைவிடக் குறைந்தது 1,300 மடங்கு புவியை வெப்பமாக்கக்கூடியது. இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டுக்கு இந்தியா 2021-ல் ஒப்புதல் அளித்தது. எனவே, பணிமனையிலும் ‘கசிவு எங்கே?’ என்று கேட்ட பிறகே கேஸ் நிரப்பச் சம்மதிப்போம்.