பக்கத்தைத் தாண்டும் அட்டவணை: கடைசி நிரலைக் காப்பாற்றுவது எப்படி?

பல்கலைக்கழக வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடை. இரவு எட்டு மணி. மறுநாள் காலையில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். முதல் பிரதி அச்சாகி வந்துகொண்டிருக்கும்போது கடைக்காரர் ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறார்.

"தம்பி, இந்தப் பக்கத்துல கட்டம் வலது ஓரத்துல அறுபட்டு நிக்குதே. அப்படியே போட்டுடவா?"

"ஓரம்தானே அண்ணே, பரவாயில்ல. போடுங்க."

ஆய்வு மாணவர்கள் பலருக்கும் பழக்கமான காட்சி இது. ஓரம்தானே என்று விட்டுவிடலாமா? விடக் கூடாது. ஏன் என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

மூலிகைப் பயன்பாடு பற்றிய கள ஆய்வு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் நான்கு நிரல்கள்: வரிசை எண், தாவரத்தின் பெயர், பயன்படும் பகுதி, பயன்படுத்தும் முறை. (பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் படித்ததுபோல, மேலிருந்து கீழாக வருவது நிரல்.) ஒரு தாவரத்துக்கு எதிரே கடைசி நிரலில், 'மோரில் கலந்து தருவர், குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை' என்று மாணவர் எழுதியிருக்கிறார். தாளின் ஓரத்தில் வெட்டுப்பட்டு அச்சில் வந்தது இது: 'மோரில் கலந்து தருவர், குழந்தைகளுக்குக் கொடுப்ப'.

கொடுப்பதுண்டா, கொடுப்பதில்லையா? படிக்கிறவருக்குத் தெரியாது. தமிழில் உண்டு, இல்லை, கூடும், கூடாது எல்லாமே வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அட்டவணை வலது பக்கம் அறுபட்டால் முதலில் காணாமல் போவது அந்தச் சொல்தான். போனது ஓரம் மட்டுமில்லை, ஆய்வாளர் சொல்ல வந்த விஷயமே போய்விடுகிறது.

கணினி ஏன் சொல்லவில்லை?

உண்மையில் அது சொல்லியிருக்கும். நாம்தான் கவனித்திருக்க மாட்டோம்.

அறிவியல், கணிதத் துறைகளில் ஆய்வேடு எழுதும் பலர் பயன்படுத்துவது 'லேடெக்' என்ற அச்சுக்கோப்பு முறை. இதன் அடித்தளம் 'டெக்'. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் க்னூத் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியைப் பார்த்து, எழுத்துகளின் தரம் பிடிக்காமல், 1977-ல் தானே உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் அது. அதன் மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் எழுதிச் சேர்த்த எளிய கட்டளைத் தொகுப்புதான் லேடெக். இரண்டுமே இலவசம்.

வேர்டு போன்ற மென்பொருளில் கோடுகளை மவுஸால் இழுத்து நகர்த்தலாம். லேடெக்கில் அப்படிச் செய்ய முடியாது. எந்த நிரல் எப்படி அமைய வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மென்பொருள் அதை வாங்கிப் பக்கமாக்கித் தரும். பக்க அளவுக்குள் ஒன்று அடங்கவில்லை என்றால் 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்' என்று ஒரு வரி எச்சரிக்கையைப் பதிவுக் கோப்பில் எழுதும். எத்தனை புள்ளி அளவு மிஞ்சியது என்றும் சொல்லும். ஆனால் வேலையை நிறுத்தாது, பிடிஎஃப் கோப்பு உருவாகிவிடும். கோப்பு வந்துவிட்டதே என்று நாமும் அந்த வரியைப் படிப்பதில்லை. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

(கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பு மட்டும் தரப்படுகிறது.)

அட்டவணை ஏன் மடங்குவதில்லை?

சாதாரணப் பத்தியை லேடெக் அழகாக வரி பிரித்துத் தரும். அட்டவணைக்குள் ஏன் அதைச் செய்வதில்லை?

'டேபுலர்' என்ற அடிப்படைக் கட்டளையில் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எழுத்து கொடுக்கிறோம். 'எல்' என்றால் இடது ஓரம், 'சி' என்றால் நடு, 'ஆர்' என்றால் வலது ஓரம். இந்த மூன்று வகை நிரலும், தன்னிடம் உள்ள மிக நீளமான பதிவு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்தை எடுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது ஒரு சொல்லோ, முழு வாக்கியமோ, ஒரே வரியில்தான் போகும். பக்கம் எங்கே முடிகிறது என்ற கவலை அதற்குக் கிடையாது. எண்ணுக்கும் பெயருக்கும் இது பொருத்தமான ஏற்பாடு. வாக்கியத்துக்கு ஒத்துவராது.

சுருக்கினால் போதாதா?

பலரும் முதலில் செய்வது இதைத்தான். 'ரீசைஸ்பாக்ஸ்' என்ற கட்டளை, முழு அட்டவணையையும் ஒரு படம்போலப் பாவித்துப் பக்க அகலத்துக்குச் சுருக்கிவிடும். எச்சரிக்கையும் மறைந்துவிடும். ஆனால் 12 புள்ளி எழுத்து 70 சதவீதமாகச் சுருங்கினால் 8.4 புள்ளிதான் மிஞ்சும். தமிழில் 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் மேலே இருக்கும் ஒரு சிறு புள்ளி. 'கி'யும் 'கீ'யும் பிரிவது ஒரு சின்னச் சுழியில். அந்த அளவில் அச்சடித்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் புள்ளியைத் தேட வேண்டியதுதான். தவிர, ஒவ்வொரு அட்டவணையும் ஒவ்வொரு அளவில் சுருங்கியிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் எழுத்து பெரிதும் சிறிதுமாகத் தெரியும்.

அளந்து கொடுத்தும் ஏன் தப்புகிறது?

அடுத்த வழி 'பி' வகை நிரல். இதற்கு அகலத்தை நாமே சொல்ல வேண்டும். அந்த அகலத்துக்குள் வாக்கியம் பத்தியாக மடிந்துகொள்ளும். நல்ல வழிதான். ஆனால் இதிலும் பலர் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள்.

ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. பைண்டிங்குக்காக இடது பக்கம் 40 மி.மீ., வலது பக்கம் 25 மி.மீ. விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 145 மி.மீ. நான்கு நிரல்களுக்கும் சேர்த்து 145 வருகிற மாதிரி கணக்காகப் பிரித்துக் கொடுக்கிறோம். அப்போதும் அட்டவணை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது!

காரணம், ஒவ்வொரு நிரலுக்கும் இரு பக்கமும் லேடெக் இடைவெளி விடும். வழக்கமான அளவு பக்கத்துக்கு 6 புள்ளி. நான்கு நிரலுக்கு எட்டுப் பக்கம், ஆக 48 புள்ளி. டெக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72.27 புள்ளி என்பதால், இது கிட்டத்தட்ட 17 மி.மீ. நம் கணக்கில் வராத அந்த 17 மி.மீ.தான் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பது. சரி, அதையும் கழித்துவிடலாம். ஆனால் வழிகாட்டி, "இன்னொரு நிரல் சேருங்க" என்று சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

எக்ஸ் என்ன செய்கிறது?

இந்தக் கணக்கைக் கணினியிடமே விட்டுவிடும் வழிதான் 'டேபுலர்எக்ஸ்'. டேவிட் கார்லைல் எழுதிய துணைத்தொகுப்பு இது. இதில் நாம் இரண்டே விஷயம் சொன்னால் போதும். அட்டவணையின் மொத்த அகலம் எவ்வளவு? எந்த நிரல் வளைந்து கொடுக்க வேண்டும்? மொத்த அகலத்துக்கு 'டெக்ஸ்ட்விட்த்' என்று கொடுத்தால் பக்கத்தில் எழுத்து நிற்கும் முழு அகலமும் கணக்கில் வரும். வளைந்து கொடுக்கும் நிரலுக்கு 'எக்ஸ்' என்ற எழுத்து.

நம் மூலிகை அட்டவணைக்கு 'சி, எல், எல், எக்ஸ்' என்று கொடுக்கிறோம். எண்ணுக்கு 10 மி.மீ., பெயருக்கு 35, பகுதிக்கு 20 என அவை தமக்குத் தேவையானதை எடுத்துக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 65. இடைவெளி 17. 145-ல் இந்த 82 போனால் மீதி 63 மி.மீ. எக்ஸ் நிரலுக்கு. 'கொடுப்பதில்லை' அடுத்த வரிக்கு இறங்கி முழுதாக நிற்கும். நாளைக்கு ஒரு நிரல் சேர்த்தாலும், எடுத்தாலும், ஓர அளவை மாற்றினாலும் எக்ஸ் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

எப்படித் திருத்திக்கொள்கிறது? முதலில் எக்ஸ் நிரலுக்கு மிக அதிக அகலம் கொடுத்து அட்டவணையை ஒருமுறை கோத்துப் பார்க்கும். மொத்தம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்கும். மிஞ்சியதை எக்ஸ் நிரல்களிலிருந்து கழித்து மறுபடியும் கோக்கும். சொன்ன அகலம் வரும்வரை இது நடக்கும். கடைசியாக வந்ததை மட்டும் பக்கத்தில் வைக்கும். துணிக்கடையில் ஒருமுறை போட்டுப் பார்த்து, பிடித்துத் தைக்கிற மாதிரிதான்.

எந்த நிரலுக்கு எக்ஸ்?

இதை முடிவு செய்ய வேண்டியவர் ஆய்வாளர். எல்லா நிரலுக்கும் எக்ஸ் போட்டால் எல்லாம் சம அகலமாகிவிடும். 'வ. எண்' நிரலுக்கும் 32 மி.மீ. போய், விளக்கம் எழுதும் இடம் குறுகிவிடும். ஒரு சொல், ஓர் எண் மட்டும் உள்ள நிரலைச் சும்மா விடுங்கள். வாக்கியம் உள்ள நிரலுக்கு மட்டும் எக்ஸ் கொடுங்கள்.

வாக்கியம் உள்ள நிரல் இரண்டு இருந்தால்? இரண்டுக்கும் எக்ஸ் கொடுத்தால் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். ஒன்றுக்கு அதிக இடம் வேண்டுமானால் 'எச்சைஸ்' என்ற அளவை மாற்றி 1.4, 0.6 என்று பங்கு கொடுக்கலாம். ஒரு நிபந்தனை: பங்குகளின் கூட்டுத்தொகை எக்ஸ் நிரல்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு எக்ஸ் என்றால் 2, மூன்று என்றால் 3. பங்கு எவ்வளவு என்று நாம் யோசிக்கவே வேண்டாம் என்றால் 'டேபுலரி' என்ற தொகுப்பு இருக்கிறது. நிரலில் இருக்கும் உரையின் நீளத்தைப் பார்த்து அதுவே இடத்தைப் பிரித்துக் கொடுக்கும்.

வெறும் எண்கள் நிறைந்த அட்டவணைக்கு எக்ஸ் தேவையே இல்லை. அதைப் பக்க அகலத்துக்கு விரிக்க வேண்டுமானால் நட்சத்திரக் குறியோடு வரும் டேபுலர் போதும். அது நிரலை விரிக்காது, நிரல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை விரிக்கும்.

தமிழில் எழுதும்போது

தமிழ் ஆய்வேட்டில் இன்னொரு சிக்கல் வரும். 'பயன்படுத்தப்படுகின்றன' மாதிரி நீளச் சொற்கள் நம்மிடம் ஏராளம். குறுகிய நிரலில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் பிடிக்கும். லேடெக் பத்தியை இரு ஓரமும் சமமாக நிற்கும்படி அமைக்கப் பார்க்கும் என்பதால் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவே பெரிய ஓட்டை விழும். இல்லையென்றால் சொல் நிரலைத் தாண்டி நீளும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, எக்ஸ் நிரலுக்கு 'ராக்டுரைட்' கொடுத்து இடது ஓரம் மட்டும் சீராக நிற்கும்படி விட்டுவிடுவது. அதோடு 'அர்ரேபேக்ஸ்லாஷ்' என்பதையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், கடைசி நிரலில் வரிசையை முடிக்கும் குறி சரியாக வேலை செய்யாமல் பிழை வரும். இரண்டு, ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் பயன்படுத்தி, மொழி தமிழ் என்று அறிவிப்பது. தமிழ்ச் சொல்லை எங்கே உடைக்கலாம் என்ற விதிகள் டெக் விநியோகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. மொழியைச் சொன்னால்தான் அவை இயங்கும்.

எக்ஸ் எங்கே உதவாது?

டேபுலர்எக்ஸ் அட்டவணை ஒரு பக்கத்துக்குள் முடிந்தாக வேண்டும். அறுபது, எழுபது தாவரங்கள் கொண்ட பட்டியல் என்றால் வலது ஓரத்தில் பிழைத்தது கீழ் ஓரத்தில் அறுபடும். பல பக்கம் ஓடும் அட்டவணைக்கு 'லாங்டேபிள்'. பக்கமும் தாண்ட வேண்டும், எக்ஸ் நிரலும் வேண்டும் என்றால் 'எக்ஸ்எல்டேபுலர்'. 2021 முதல் கிடைக்கும் 'டேபுலர்ரே' தொகுப்பு இரண்டையும் செய்கிறது.

நிரல்கள் பத்துக்கு மேல் போனால் எக்ஸும் கைகொடுக்காது. மீதி இடம் என்று ஒன்று இருந்தால்தானே பிரித்துக் கொடுக்க முடியும்? அப்போது அந்தப் பக்கத்தை மட்டும் படுக்கைவசமாகத் திருப்பலாம். அதைவிட நல்லது, அட்டவணையை இரண்டாகப் பிரிப்பது.

கடைக்குப் போகும் முன்

பதிவுக் கோப்பைத் திறந்து 'ஓவர்ஃபுல்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஒன்றிரண்டு புள்ளி மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பத்து, இருபது என்றால் அந்தப் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு அட்டவணையிலும் கடைசி நிரலை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எல்லா வாக்கியமும் முடிகிறதா என்று பார்த்தால் போதும். பத்து நிமிட வேலைதான்.

திரையில் படிக்கும் அட்டவணையைத் தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம். நூலகத்தில் பைண்டிங் செய்து வைத்த ஆய்வேட்டில் அது முடியாது. பல வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.