இணையின்றி இழையில்லை: செல்லுக்குள் கெரட்டின் கோக்கப்படும் விதம்

கெரட்டின் என்றதும் முடியும் நகமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றின் செல்களுக்குள்ளும் கெரட்டின் இழைகள் வலைபோலப் பரவியிருக்கின்றன. தேய்த்தாலும் இழுத்தாலும் செல் கிழிந்துவிடாமல் காப்பது இந்த வலைதான். ஓர் இழையின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். அது உருவாகும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இணை சேர்தல்

மனிதருக்கு 54 கெரட்டின் மரபணுக்கள் உள்ளன. அவற்றில் 28 முதலாம் வகை. இவை உருவாக்கும் புரதங்கள் அமிலத் தன்மை கொண்டவை. மற்ற 26 இரண்டாம் வகை. இவற்றின் புரதங்கள் நடுநிலையோ காரமோ ஆனவை. இழை உருவாக இரு வகையிலிருந்தும் ஒவ்வொரு புரதச் சங்கிலி வேண்டும். தோலின் அடியடுக்கில் கே5 உடன் கே14 சேரும் (கே என்பது கெரட்டினைக் குறிக்கும்). அதற்கு மேலடுக்குகளில் கே1 உடன் கே10. கல்லீரலில் கே8 உடன் கே18. துணை கிடைக்காத சங்கிலியைச் செல் சிதைத்துவிடும்.

2. முறுக்கிக்கொள்தல்

ஒவ்வொரு சங்கிலியின் நடுவிலும் சுமார் 310 அமினோ அமிலங்கள் கொண்ட தண்டுப் பகுதி இருக்கிறது. அதில் ஏழு ஏழாகத் திரும்ப வரும் வரிசையில், நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் ஒரே பக்கமாக அமைகின்றன. நீரிலிருந்து ஒதுங்க அவை ஒன்றையொன்று நாட, இரு சங்கிலிகளும் ஒரே திசை நோக்கியபடி, கயிற்றின் இரு புரிகளைப் போல முறுக்கிக்கொள்கின்றன. இந்த இரட்டைத் தண்டின் நீளம் சுமார் 45 நானோமீட்டர்.

3. எதிரெதிராகப் படுத்தல்

அடுத்து, இரண்டு இரட்டைகள் எதிர்த் திசைகளில், பாதியளவு தள்ளிப் பக்கவாட்டில் ஒட்டுகின்றன. இந்த நால்வர் கூட்டில் இரு முனைகளும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் முழு இழைக்கும் தலை, வால் என்ற திசை கிடையாது. செல்லின் மற்ற இழைகளான ஆக்டினும் நுண்குழலும் திசை கொண்டவை. கெரட்டின் அவற்றிலிருந்து வேறுபடும் இடம் இது.

4. கட்டாகி நீளுதல்

ஏறத்தாழ எட்டு நால்வர் கூட்டுகள் பக்கவாட்டில் சேர்ந்து சுமார் 60 நானோமீட்டர் நீளமுள்ள குட்டையான துண்டாகின்றன. இத்துண்டுகள் முனையோடு முனை பொருந்தி நீள்கின்றன. பிறகு இழை இறுகி மெலிந்து 10 நானோமீட்டர் தடிமனை அடைகிறது. இதற்கு ஏடிபி, ஜிடிபி போன்ற எரிபொருள் எதுவும் தேவையில்லை. ஆய்வகத்தில் யூரியாவில் பிரித்து வைத்த சங்கிலிகள், யூரியாவை நீக்கினால் தாமாகவே மீண்டும் இழையாகின்றன.

5. நங்கூரமிடுதல்

உயிருள்ள செல்லில் புதிய இழைகள் பெரும்பாலும் விளிம்பில் தோன்றி, உட்கருவை நோக்கி நகர்ந்தபடியே வலையில் இணைகின்றன. பக்கத்துச் செல்லோடு இணையும் டெஸ்மோசோம்களில் டெஸ்மோபிளாக்கின் புரதமும், அடித்தளத்தைப் பற்றும் ஹெமிடெஸ்மோசோம்களில் பிளெக்டின் புரதமும் இழைகளைப் பிடித்துக்கொள்கின்றன.

பிழை நேர்ந்தால்

துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில் தண்டின் இரு முனைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. கே14 சங்கிலியின் 472 அமினோ அமிலங்களில் 125ஆவது இடம், தண்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள ஆர்ஜினின் எனும் அமினோ அமிலம் மாறினால் இழைகள் சரியாக நீளாமல் கட்டிகளாகத் திரள்கின்றன. லேசாக உராய்ந்தாலே அடியடுக்குச் செல்கள் உடைந்து தோலில் கொப்புளம் எழும். எபிடெர்மோலிசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ் எனும் இந்நோய்க்கு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த பிழையான மரபணு ஒன்றே போதும். ஏனெனில் பிழையான சங்கிலியும் இணை சேர்ந்து இழைக்குள் புகுந்துவிடுகிறது. கெரட்டின் மரபணுப் பிழையே இதற்குக் காரணம் என்பது 1991இல் நிறுவப்பட்டது.