பழைய காரில் துரு ஒட்டுகளை மதிப்பிடுதல்

பழைய காரில் துருப்பிடித்த இடங்களில் முன்பு வைக்கப்பட்ட ஒட்டுத் தகடுகளும் வெல்டிங்கும் இன்னும் பாரம் தாங்குமா எனச் சோதித்தறிவது துரு ஒட்டு மதிப்பீடு ஆகும். பிரித்தானியாவில் 1948இல் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை தயாரான மோரிஸ் மைனர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் இலங்கைச் சாலைகளுக்கும் நன்கு பழகியது.

மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடற்கூடே பாரம் முழுவதையும் தாங்குகிறது. எனவே கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்னும் பெட்டிப் பகுதி, காரின் நடுவே அடியிலுள்ள குறுக்குச் சட்டம், பின்புற லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள் ஆகியவற்றில் உள்ள துரு வெறும் அழகுக் குறை அன்று. முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகளுடைய பின்முனை அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பொருத்தப்பட்டுள்ளது. சட்டம் அரித்துப்போனால் கம்பியின் பிடி விட்டு, ஓடும்போதே முன்புறம் சரிந்துவிடக்கூடும்.

துருவை முழுதும் வெட்டியெடுத்து, நல்ல இரும்பு தெரியும் விளிம்போடு புதுத் தகட்டைப் பற்றவைப்பதே சரியான முறை. பலர் செய்வது வேறு: அரித்த தகட்டின் மேலேயே இன்னொன்றை வைத்து மூடிவிடுவர். இரண்டுக்கும் இடையில் ஈரம் தங்கும். துரு மறைவாக வளரும். சில ஆண்டுகளில் அதன்மேல் மூன்றாவது ஒட்டும் வரும். தகட்டின் ஓரத்தில் இரண்டு மூன்று அடுக்குகள் தெரிந்தால் கதை புரிந்துவிடும்.

வெல்டிங் கோடு விட்டுவிடாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். புள்ளி புள்ளியாகத் தொட்டுவிட்டு இடைவெளியைப் பட்டியால் நிரப்பியிருந்தால் அது பாரம் தாங்காது. மறுபுறம் எட்டிப் பார்க்க முடிந்தால், வெப்பம் ஊடுருவிய தழும்பு அங்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உலோகம் மேலே அப்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஓரிடத்தில் ஒட்டாவிட்டால் அங்கே பட்டி தடித்திருக்கிறது எனலாம். ஆனால் இரும்புத் தகட்டை இரும்புத் தகட்டால் மூடிய ஒட்டைக் காந்தம் காட்டிக்கொடுக்காது. அதற்குத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக் கேட்பதே வழி: நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மந்தமாக ஒலிக்கும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சைக் கண்டு மகிழாமல், சந்தேகப்படுவதே நல்லது.

ஜாக்கி வைத்துப் பக்கவாட்டில் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினால் உடற்கூடு வளைகிறது என்று பொருள். இடைவெளி மாறாமல், ஆனால் மேலும் கீழும் ஒவ்வாமல் இருந்தால், முட்டுக் கொடுக்காமல் சில்லை வெட்டி, தொய்ந்த நிலையிலேயே பற்றவைத்திருக்கலாம். இதைத் திருத்துவது ஒட்டை மாற்றுவதைவிடக் கடினம். விலை பேசுமுன் கவனிக்க வேண்டியதும் இதுவே.

பிரித்தானிய எம்.ஓ.டி. ஆண்டுச் சோதனையில் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், சீட் பெல்ட் பொருந்தும் இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் உள்ள துருவைக் கடுமையாகப் பார்ப்பர். ஆனால் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு அச்சோதனை கட்டாயமில்லை. எல்லா மைனர்களும் அந்த வயதைத் தாண்டிவிட்டதால், அடியில் படுத்துப் பார்க்கும் வேலை வாங்குபவருடையதாகிவிட்டது.