பழைய கணினிக்குப் புதிய வேகம்



“வீட்டுக் கணினிக்கு வயதாகிவிட்டது. விசையை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்து வந்தாலும் அது தயாராவதில்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாமா?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்குப் புதிய கணினி சிறிய செலவன்று. ஆகவே, தாமதம் எங்கே ஏற்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

பெரும்பாலும் குற்றம் கணினியின் மூளையாகிய செயலியிடம் இல்லை. கோப்புகளைச் சேர்த்து வைக்கும் வன்தட்டிடமே இருக்கிறது. மேசைக் கணினியின் வன்தட்டுக்குள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் பொதுவாக நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கின்றன. ஒரு சிறு கை நகர்ந்து, தகவல் இருக்கும் இடத்துக்குச் செல்கிறது. பிறகு, அந்த இடம் சுழன்று வரும்வரை காத்திருக்கிறது. இதற்கு ஏறத்தாழ ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். ‘அவ்வளவுதானா?’ என்று எண்ணவேண்டாம். கணினி எழும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்கவேண்டும். பத்தாயிரம் முறை தேடினால் நூறு நொடிகள் கழிந்துவிடும்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். மங்கிலுள்ள பாலை வாளியில் ஊற்றுவது ஒரு கண நேர வேலை. மரத்துக்கு மரம் நடப்பதில்தான் பொழுது போகிறது.

எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்புக் கருவியில் இந்த நடையே இல்லை. அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. மின்சாரம் நின்றாலும் தகவலை இழக்காத நினைவுச் சில்லுகளே உண்டு. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய பிளாஷ் நினைவகமே இதற்கு அடிப்படை. இது தகவலைத் தேடி எடுக்க ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். முன்பு சொன்ன பத்தாயிரம் தேடல்களும் ஏறக்குறைய ஒரே நொடியில் முடிந்துவிடும்!

பழைய கணினிக்கு ஏற்றது 2.5 அங்குல ‘சாட்டா’ வகை எஸ்.எஸ்.டி. வாங்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். வன்தட்டிலிருந்து மெல்லிய ஒற்றைக் கம்பிவடம் சென்றால் அது சாட்டா. அகன்ற நாடா போன்ற வடம் மட்டுமே இருந்தால் அது அதற்கும் முந்திய வகை. அதற்குச் செலவு செய்வது பயன் தராது.

வேலையைத் தொடங்குமுன் பிள்ளைகளின் பாடங்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் நீங்கும். எஸ்.எஸ்.டி.யைத் திருகாணியால் பொருத்தி, தகவல் வடத்தையும் மின்வடத்தையும் இணையுங்கள். பழைய வன்தட்டில் உள்ளதை அப்படியே இதில் படியெடுக்கலாம். அல்லது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம். கடைசியில், எஸ்.எஸ்.டி.யிலிருந்தே எழுமாறு கணினியின் அமைப்பில் மாற்றிவிடுங்கள். பழைய வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால் படங்களை வைக்கும் கிடங்காக இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். வன்தட்டு கெடுமுன் பல வேளைகளில் சத்தமிடும், எஸ்.எஸ்.டி. சொல்லாமலே நின்றுவிடக்கூடும். ஆகையால், பிரதி எடுத்து வைக்கும் பழக்கத்தைக் கைவிடக்கூடாது. அடுத்து, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. வேகம் கூடினாலும் இக்குறை தீராது. அத்தகைய கணினியில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவலாம்.

நேயர்களே, ஓர் உறுப்பு தளர்ந்ததற்காக முழுக் கணினியையும் குப்பையில் போடவேண்டுவதில்லை. எது தளர்ந்தது என்று அறிந்து, அதை மட்டும் மாற்றுவதே சிக்கனம். மிஞ்சும் பணம் பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஆகும்.