மறந்த பெயர்கள் – 9: கேட்டு வாங்கிய பிள்ளை

குழந்தைக்கு அரிய பெயர் வேண்டும் என்று தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது, பெயர் ஒரு பக்கமும் பொருள் மறுபக்கமுமாக அச்சிட்ட புத்தகத்தை. ‘அந்தோனி’ அதில் இருந்தால் எதிரே ‘விலைமதிப்பற்றவன்’ என்றிருக்கும். சிலவற்றில் ‘மலர்’ என்றிருக்கும். இரண்டுக்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. அந்தோனியுஸ் என்பது பழைய உரோமைக் குடிப்பெயர். அதன் வேர் எத்ருஸ்கன் மொழியில் இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. வேர்ச்சொல் இன்னதென்று யாரும் நிறுவவில்லை. கிரேக்கத்தில் பூவைக் குறிக்கும் ‘அந்தோஸ்’ என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போனதால் மலர் என்ற பொருள் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, அகராதிக்குப் பொருள் தெரியாத ஒரு பெயரைத்தான் தமிழர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு வைத்துவருகிறார்கள். ஆனாலும் அந்தப் பெயரை வைத்த எந்தத் தாயும் அதைப் பொருளற்றது என்று எண்ணியிருக்க மாட்டாள். இந்த முரணைப் புரிந்துகொள்ளாமல், எந்தப் பழைய பெயர் மீண்டு வரத் தக்கது என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. பெயரின் பொருள் அது பிறந்த மொழியில் இருப்பதைவிட, அதை இட்ட காரணத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி.

வஹகோட்டையை எடுத்துக்கொள்வோம். மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைப் பக்கம் இருக்கும் சிங்களக் கத்தோலிக்க ஊர் அது. 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் போர்த்துக்கேயர் இழந்தபோது, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டுக்குள் அடைக்கலம் புகுந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது ஊராரின் மரபு. அங்குள்ள அந்தோனியார் திருத்தலத்துக்குச் சிங்களவரும் வருகிறார்கள், மலையகத் தோட்டங்களிலிருந்து தமிழரும் வருகிறார்கள். தொலைந்ததைத் தேடித் தருபவர், கோடி அற்புதர் என்று தமிழர் அழைக்கும் இந்தப் புனிதரின் சொந்தப் பெயர் அந்தோனி அல்ல என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1195ஆம் ஆண்டளவில் லிஸ்பன் நகரில் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் பெர்னாண்டோ. 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது அதை விட்டுவிட்டு, எகிப்துப் பாலைவனத்தில் தவமிருந்த மூத்த அந்தோனியாரின் பெயரை ஏற்றுக்கொண்டார். நம் ஊர்களில் ‘வனத்து அந்தோனியார்’ என்று சொல்கிறோமே, அவர்தான் அந்த மூத்தவர். பயணத்தையும் துணிவையும் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொற்களிலிருந்து வந்த பெர்னாண்டோ, அகராதிக் கணக்கில் நல்ல பொருளுள்ள பெயர். அதைக் கொடுத்துவிட்டுப் பொருள் தெரியாத பெயரை அவர் வாங்கிக்கொண்டார். யாருடைய வழியில் நடக்கப்போகிறோம் என்பதை அந்தப் பெயர் சொல்லியது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் கழற்றி வைத்த பெயரோ இன்று நீர்கொழும்பு முதல் தூத்துக்குடி வரை கரையோரக் குடும்பங்களின் முதற்பெயராகவும் கடைசிப் பெயராகவும் நிலைத்திருக்கிறது.

கத்தோலிக்கத் தமிழ்ப் பெயர்கள் இரண்டு வழியாக வந்தன. ஒரு வழி காது. போர்த்துக்கேயர் வாயிலிருந்து விழுந்ததைத் தமிழ் நாக்கு தனக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது: இக்னேசியஸ் இன்னாசி ஆனார், ஜோசே சூசை ஆனார், சேவியர் சவரிமுத்து ஆனார். சந்தியாகு என்ற பெயருக்குள் ‘சாந்து’ என்ற புனிதர் அடைமொழியும் ‘இயாகோ’ என்ற யாக்கோபும் சேர்ந்தே கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தார் ஒரு படி மேலே போய், ‘பெரிய’ என்ற போர்த்துக்கேய அடைமொழியையும் இழுத்து வந்து சந்தியோகுமையோர் என்றே ஆக்கிவிட்டார்கள். மற்ற வழி கருத்து. பவுலுஸ் என்றால் இலத்தீனில் சிறியவர், எனவே சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் கடவுளின் அருள், எனவே அருளப்பர். இலாசர் என்பதன் மூலமான எலெயாசார் கடவுள் துணைநின்றார் என்று சொல்வதால் தேவசகாயம். 1745இல் வடக்கன்குளத்தில் அந்தப் பெயரோடு திருமுழுக்குப் பெற்று, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.  வீரமாமுனிவர் தம் கான்ஸ்டன்சோ என்ற பெயரைத் தைரியநாதர் என்று ஆக்கிக்கொண்டார். தேம்பாவணியில், பெருகச்செய்வார் என்று பொருள்படும் யோசேப்பை வளன் என்று அழைத்தார். வேதாசலம் மறைமலையடிகள் ஆனதற்குச் சுமார் இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே நடந்த வேலை இது. வளன் என்ற மூன்றெழுத்தின் அழகுக்கு இணையாக இன்றைய பெயர்ப் புத்தகங்களில் அதிகம் இல்லை. திருச்சியில் ஒரு கல்லூரிப் பெயரில் அது வாழ்கிறது; தொட்டில்களில் அரிதாகத்தான் கேட்கிறது.

கருத்து வழி வந்தவையே உயர்ந்தவை, காது வழி வந்தவை அந்நிய ஆட்சியின் எச்சங்கள்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கூட்டமாக மதம் மாறியதில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பு என்ற அரசியல் கணக்கு இருந்ததை மறைக்க முடியாது. திருமுழுக்குக் கொடுத்த கையே பெயரையும் கொடுத்தது. ஆனால் கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்ளாமல் இன்னாசிமுத்து என்றும் சவரியம்மாள் என்றும் சூசைப்பிள்ளை என்றும் ஆக்கியது யார்? பெயரின் பின்பாதியில் முத்தையும் பிள்ளையையும் அம்மாளையும் சேர்த்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்தப் பின்பாதியைக் கேட்டால் போர்த்துக்கேயருக்கே விளங்காது. வஹகோட்டையில் இது இன்னும் தெளிவு. அங்கே அடைக்கலம் தேடி வந்தவர்கள் தோற்றவர்கள். ஆட்சி கண்டி மன்னனுடையது. ஆள்பவன் திணித்ததால் அந்தோனி அந்த ஊரில் நிலைக்கவில்லை.

நேர்த்திக்கு வருகிறேன், ஏனென்றால் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிள்ளை வேண்டி அந்தோனியாரிடம் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குத் தமிழர் வைத்த பெயர்களில் ஒன்று அந்தோனிப்பிச்சை. மாதாவிடம் கேட்டால் மரியபிச்சை. முருகனிடமோ அம்மனிடமோ கேட்டால் வெறும் பிச்சை, பிச்சையம்மாள், பிச்சைமுத்து. இன்று கைவிடப்பட்ட பெயர்களில் இதுபோல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது வேறொன்றில்லை. அகராதியைத் திறந்தால் ‘இரந்து பெறுவது’ என்றிருக்கும். பிள்ளைக்கு யார் வைப்பார்கள்? ஆனால் அந்தப் பெயரில் இரந்தவர் பிள்ளை அல்ல, பெற்றோர். ‘உன்னைக் கேட்டு வாங்கினோம்’ என்று பிள்ளையிடம் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கும் பெயர் அது. ஒரு குழந்தை தன்னைப் பற்றிக் கேட்கக்கூடிய சொற்களில் இதைவிடக் கனிவானது எது? சுந்தர் பிச்சை என்ற பெயரை உலகமே உச்சரிக்கிறது. தமிழ் வீடுகளில்தான் அதை வைக்கத் தயக்கம்.

பிச்சையின் உறவினர்கள் மலையகத்து லயங்களிலும் நிறைய இருந்தார்கள். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பாயி என்றார்கள். மூக்கைக் குத்தி மூக்கன், மூக்காயி என்றார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கியதாகப் பாவனை செய்தார்கள். இது வேண்டாத பிள்ளை, எடுத்துப் போகாதே என்று எமனை ஏமாற்றும் முயற்சி. தோட்டங்களில் சிசுக்கள் கொத்துக் கொத்தாக மடிந்த காலத்தில், குப்பாயி என்ற பெயருக்குள் எத்தனை அச்சமும் எத்தனை ஆசையும் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் பழையது எல்லாம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போதும்பொண்ணு என்ற பெயர் திரும்பவே கூடாது. குப்பாயியின் பெற்றோர் வேண்டாதது போல் நடித்தார்கள். போதும்பொண்ணின் பெற்றோர் நடிக்கவில்லை. காரணத்தைப் பொருளாகக் கொண்டால் இந்த வேறுபாடு தானாகவே தெரிகிறது.

இதற்கு வரும் வலுவான மறுப்பு வேறு. பொருள் காரணத்தில் இருக்கிறதென்றால், டிலக்ஷன், நிரோஜன் போன்று ஒலிக்காகவே அமைத்த பெயர்களை மட்டும் ஏன் குறை சொல்கிறோம்? அவற்றையும் பெற்றோர் அன்போடுதானே இடுகிறார்கள்? உண்மைதான். அவற்றைப் பொருளற்றவை என்று எள்ளுவதற்கு எனக்கு உரிமையில்லை. அந்தோனிக்கு அளித்த சலுகையை அவற்றுக்கும் அளித்தாக வேண்டும். நான் கேட்பது ஒன்றே: பிள்ளைக்குப் பத்து வயதாகி, ‘எனக்கு ஏன் இந்தப் பெயர்?’ என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறதா? நட்சத்திரத்துக்கு அந்த எழுத்து வந்தது என்பதும் ஒரு பதில்தான். ஆனால் அந்தப் பதில் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

நடைமுறைத் தடையையும் தள்ளிவிட முடியாது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் வேறொன்று என்று அலைந்த அனுபவம் மலையகக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுகிறவரின் காது தீர்மானித்ததே பெயர் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. அரிய பெயர் அந்தத் தொல்லையைக் கூட்டும் என்ற அச்சம் புரிந்துகொள்ளத் தக்கது. ஆனாலும் வளன், அருள், இன்னாசி, அடைக்கலம் ஆகியவை மூன்று மொழியிலும் சிக்கலின்றி எழுதக்கூடியவை. ‘க்ஷ’வும் ‘ஜ’வும் நெருக்கும் புதிய பெயர்களைவிடப் பதிவாளரின் பேனாவுக்கு இவை எளியவை. எழுத்துப் பிழைக்கு அஞ்சுகிறவர் முதலில் அஞ்ச வேண்டியது பழைய பெயருக்கு அல்ல.

அடைக்கலம் என்று சொன்னேன். இந்துவும் கிறிஸ்தவரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வைத்த பெயர் அது. அடைக்கலநாதர், அடைக்கலமேரி, அடைக்கலம்மாள் என்று எத்தனையோ வடிவம் எடுத்தது. இராஜசிங்கனின் நாட்டுக்குள் ஓடிவந்தவர்களின் ஊருக்கு, வேலை தேடிக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மெழுகுவர்த்தியோடு போகிறார்கள். அவர்களில் ஒருத்தி அடுத்த ஆண்டு கைக்குழந்தையோடு நேர்த்தி செலுத்த வந்தால், அந்தக் குழந்தைக்குப் பெயர் தேடிப் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை.